ஏழு வள்ளமும் ஒரு எஞ்சினும்

போன மாதம் தொலைக்காட்சியில் படித்த மனிதர் ஒருவர் வந்தார். உலகம் வருசா வருசம் எவ்வளவு நிலக்கரி எரிக்கிறது, எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று ஒரு கோட்டுப்படம் காட்டினார். கோடு இடது மூலையில் தாழக் கிடந்து, வலது மூலையில் போய்க் கூரையை முட்டியது. இடையிடையே சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றில் ஒன்றைக் குச்சியால் தட்டி, "இந்தக் காலத்தில் எரிபொருள் தேவை சற்றுக் குறைந்தது" என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியோடேயே சண்டை பிடித்தேன்.

தேவை குறைந்ததாம்! எரித்ததை எல்லாம் கூட்டிப் போட்டு, அதற்குத் தேவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எரிக்கக் கிடைக்காதவனுடைய தேவையை எந்தப் பள்ளத்தில் போட்டு மூடினார்கள்? தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் போட்ட பெற்றோல் தடை, டீசல் தடை, பற்றரி தடை. மண்ணெண்ணெய் மட்டும் கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்குப் போத்தல் கணக்கில் வரும், வராமலும் விடும். அந்த வருசங்களில் எங்கள் கோட்டை யாராவது கீறியிருந்தால் அது நிலத்தோடு நிலமாகக் கிடந்திருக்கும். அதைப் பார்த்து ஒருவர், "ஆகா, இவர்களுக்கு எண்ணெய் தேவையில்லை" என்று சொல்லியிருப்பார். என்ன விசர்க்கதை! தேவை அப்படியேதான் இருந்தது. எண்ணெய்தான் இல்லை.

அந்த மனிதருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் குருநகரில் பிறந்தவள். பருத்தித்துறைக்குத் தெற்கே, கிழக்குக் கரையில் உள்ள ஒரு வேதக்கார ஊருக்கு, அதாவது கத்தோலிக்க ஊருக்கு, கலியாணம் முடித்துப் போனேன். வீட்டில் நான், என் கணவர், அவருடைய தாய், மூன்று பேர்தான். மாமி கட்டையான மனுசி, வாய் மட்டும் நீளம். எனக்கும் வாய் நீளம் என்பதால் முதல் வருசம் எங்கள் வீட்டில் காகம்கூட இருக்கப் பயப்பட்டது. பிறகு ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போனது.

எங்களிடம் ஒரு வள்ளமும் ஒரு எஞ்சினும் இருந்தன. வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். ஆனால் மண்ணெண்ணெயில் அது பிறக்காது. முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்து, அது இருமிக் கனைத்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பெற்றோல் தங்கம் மாதிரி இருந்த காலம் அது. எங்கள் வீட்டுப் பெற்றோல், பாணி மருந்து வந்த ஒரு மண்ணிறப் போத்தலில், அந்தோனியார் படத்துக்குப் பின்னால் இருந்தது. அடுப்புக்குத் தூரம், ஆட்களின் கண்ணுக்கும் தூரம். அதே படத்துக்குப் பின்னால் மாமியின் தீர்த்தமும் இருந்தது. கோயில் சுவாமி, அதாவது பாதிரியார், மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். அதுவும் பாணி மருந்துப் போத்தல்தான். அந்த ஊரில் எல்லோருக்கும் இருமல், எல்லோர் வீட்டிலும் அந்தப் போத்தல்.

மாமிக்கு ஒரு வழக்கம். எஞ்சின் வீட்டை விட்டு எங்கே புறப்பட்டாலும் அதன் தலையில் தீர்த்தம் தெளிக்கவேண்டும். மகன் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சோளகக் காற்றுப் பிறக்கும் நேரத்தில், பிரான்சில் இருந்த இவரின் தமையன் எழுதினார். எஞ்சினையும் வள்ளத்தையும் விற்றுப்போட்டு மூன்று பேரும் கொழும்புக்குப் போய்ச் சேருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று. இவர் அன்றைக்கே முகம் கழுவிவிட்டார். அதாவது மனதளவில் போய்விட்டார். எஞ்சின் வாங்குகிற வியாபாரி ஒருவருக்கும் ஆள் அனுப்பிவிட்டார்.

"என்னைக் கேட்டனியளோ?" என்றேன்.

"கேட்டு என்ன செய்யிறது? எண்ணெய் இல்லாத எஞ்சினை வைச்சுக் கும்பிடச் சொல்லுறியோ? அதுவும் அந்தோனியார் மாதிரி ஒரு சுருவம் எண்டு கோயிலிலை வைப்பம்."

"உங்களுக்குப் பகிடி. நான் வரமாட்டன்."

"ஏன் வரமாட்டாய்?"

கடல் மணக்காத இடத்தில் எனக்கு நித்திரை வராது என்று சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனக்கு எங்கே படுத்தாலும் நித்திரை வரும். கரையும் ஒன்றும் சொர்க்கமில்லை. ஈயும் உப்பும் சண்டையும்தான். ஆனால் ஒரு ஊரின் வயிற்றில் கல்லைக் கட்டி, விளக்கை அணைத்து, இவர்கள் தாங்களாகவே எழும்பிப் போவார்கள் என்று ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு வசதியாக நான் பெட்டி கட்டுவதா? அதுதான் என் காரணம். நான் அப்படித்தான் இவருக்கும் சொன்னேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உன்ரை வீறாப்புக்கு நான் கடலிலை சாகேலாது."

இவர் சொன்னதும் உண்மைதான். சோளகக் காற்று எங்கள் கரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். பாய் விரித்தால் வள்ளம் தானாகவே போகும். போவது சுகம், வருவதுதான் பாடு. காற்றுக்கு எதிரே துடுப்புத் தண்டு வலித்து வந்தவர்களின் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். வலிக்க முடியாமல் காற்றோடு போனவர்கள் வெளிக்கடலில் நேவியின் போர்க்கப்பல் நிற்கும் பக்கமாகத்தான் போவார்கள். அப்படிப் போன ஒருவரும் திரும்பி வரவில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் பலர் தொழிலை விட்டுவிட்டு, வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டுக் கிடந்தார்கள். கரை முழுக்கப் பதினைந்து எஞ்சின் சத்தம் கேட்ட ஊரில் அலையும் நாயும்தான் கேட்டன.

பின்னேரங்களில் இவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பாட வைப்பார். சுற்றுவது நின்றால் செய்தியும் நின்றுவிடும். முந்திய வருசம் அதில்தான் குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன என்று கேட்டோம். "அங்கை கிணறு கிணறா எரியுது, இஞ்சை திரி நனைக்க இல்லை" என்று மாமி வானொலியைப் பார்த்துக் கையை விரித்தாள். இந்த முறை, உலகத்துத் தலைவர்கள் எல்லோரும் தூர தேசம் ஒன்றில் கூடியிருக்கிறார்கள், கரியும் எண்ணெயும் எரித்து எரித்து ஆகாயம் பழுதாகிறதாம், குறைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள் என்று செய்தி வந்தது.

"எவ்வளவு குறைக்கப் போயினமாம்?" என்று மாமி கேட்டாள்.

"அதைத்தான் பேசுகினம் அம்மா."

"பேசி என்னத்துக்கு? எங்களை வந்து பாக்கச் சொல்லு. குறைச்சுக் காட்டியிருக்கிறம்."

இவர் சிரித்ததில் பெடலை விட்டுவிட்டார். தலைவர்கள் பாதி வசனத்தில் நின்றார்கள்.

வியாபாரி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். அவருடைய மோட்டார்சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. வந்து நின்ற பிறகும் அதன் புகை ஒழுங்கை முழுக்க வந்துகொண்டே இருந்தது. முற்றத்தில் பீப்பா நிறையத் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைப் பலகையில் பூட்டி, அதன் விசிறிக் கால் தண்ணீருக்குள் நிற்க வைத்திருந்தார் இவர். ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவார்கள்.

மாமி மரியாதையாக வந்து, சிலுவை போட்டு, எஞ்சினின் தலையில் நன்றாகத் தெளித்தாள். விற்கப்போகிற எஞ்சினுக்கு எதற்குத் தெளிக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இவர் மற்றப் போத்தலை எடுத்து, மூடியில் அளந்து, எஞ்சினுக்குள் விட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டு இழுத்தார். தோள் கழன்றுவிடும்போல இழுத்தார். அது ஒருமுறை "களக்" என்றது, பிறகு அதுவும் இல்லை.

வியாபாரி ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்து, நெருப்பையும் பற்றவைத்துக்கொண்டு, குனிந்து எஞ்சினைப் பார்க்கப் போனார். எங்கள் வீடு அப்போது எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும். சட்டை, தலையணை, சோறு எல்லாம் அந்த மணம். அதனால் யாருக்கும் மூக்கு வேலை செய்வதில்லை. ஆனால் வெயில் ஏறி எஞ்சின் மூடி சுட்டபோது அதிலிருந்து எழும்பிய மணம் வேறு. பாய்ந்து போய் அந்த மனிதரின் வாயிலிருந்து சிகரெட்டைத் தட்டி விழுத்தி, மணலில் மிதித்தேன்.

"உவளுக்கு என்ன விசரோ?" என்று வியாபாரி கத்தினார்.

"மாமி, உங்கடை கையை ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றேன்.

மாமி மணந்தாள். கண் இரண்டும் பெரிதாகின. "அட மாதாவே! அப்ப இவ்வளவு நேரமும் பெற்றோலாலையே ஆசீர்வதிச்சனான்?"

முந்திய நாள் படத்தைத் தூசி தட்டியவள் அவள்தான். போத்தல்களை இடம் மாற்றி வைத்ததும் அவள்தான். அருமையான பெற்றோல் எஞ்சினின் தலையில் காய்ந்துகொண்டிருந்தது. சுவாமி மந்திரித்த தண்ணீர் முழுவதும் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்கவே முடியவில்லை. இவர் கயிற்றை நிலத்தில் எறிந்தார். வியாபாரி தன் சட்டையை உதறிக்கொண்டு, "தண்ணி போன எஞ்சின் எனக்கு வேண்டாம் தம்பி. கழட்டித் துடைச்சுக் காயவை. வாற சனிக்கிழமை பின்னேரம் வாறன். ஓடினால் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் புகையோடு போனார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை" என்றார் இவர்.

"அந்தோனியாராணை எனக்குத் தெரியாதடா மோனை" என்று மாமி அழத் தொடங்கினாள். அவள் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு எத்தனையோ முறை கேட்டேன். கேட்கும்போதெல்லாம் சிலுவை போடுவாள், பதில் சொல்லமாட்டாள்.

எனக்கு ஒரு கிழமை கிடைத்தது. அந்தக் கிழமைக்குள் எதையாவது செய்யாவிட்டால் எஞ்சின் போய்விடும், எஞ்சின் போனால் நாங்களும் போய்விடுவோம். எனக்கு அது மட்டும்தான் தலைக்குள் நின்றது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கருவாடு கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போனேன். போகிற வழியில் மீன்காரர் இரண்டு பேர் என்னைக் கடந்து போனார்கள். ஒருவருடைய சைக்கிளில் பெடல் ஒடிந்துவிட்டது. மற்றவர் தன் சைக்கிளின் பின்னால் கயிற்றைக் கட்டி, அவரையும் பெட்டியையும் மீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். பின்னால் இருந்தவர் இராசா மாதிரி இருந்தார். மீன் கெட்டுப்போக முன்னம் இரண்டு பேரும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் சந்தையில் கருவாட்டை அவசரம் அவசரமாக விற்றுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"இஞ்சேருங்கோ, போறதுக்கு எண்ணெய் வேண்டாம், என்ன? காத்து இருக்கு."

"ஓம், அதுக்கென்ன?"

"வாறதுக்குத்தான் எஞ்சின். அப்ப எங்கடை ஒழுங்கையிலை கிடக்கிற ஏழு வள்ளத்துக்கும் ஏழு எஞ்சின் ஏன்? பாயிலை எல்லாரும் போங்கோ. வரேக்கை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாக் கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ."

இவர் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடியதை நான் பார்த்தேன். அது முடியும் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் வேறு பக்கமாகப் போனார்.

"எண்ணெய்? ஏழு வள்ளத்தை இழுக்கிறதுக்கு எண்ணெய் ஆர் தாறது?"

"அதை என்னட்டை விடுங்கோ. ஒரு நாள். சனிக்கிழமை. வியாபாரி வாறதுக்கு முதல். சரிவராட்டி எஞ்சினை நானே தூக்கிக் குடுக்கிறன். பெட்டியும் கட்டுறன். உங்களோடை ஒரு வார்த்தை கதைக்கமாட்டன்."

"நீ கதைக்காமல் இருக்கிறதுக்காகவே ஓம் எண்டு சொல்லலாம்" என்றார்.

எங்கள் கரையில் ஒரு ஒழுங்கு உண்டு. தொழில் ஆம்பிளைகளுடையது. பெண் வள்ளத்தில் ஏறக்கூடாது, வலையைக் கடக்கக்கூடாது, கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. நான் போய் ஆம்பிளைகளிடம் இதைச் சொல்லியிருந்தால் என்னை வீட்டுக்குத் துரத்தியிருப்பார்கள். ஆனால் கூப்பன் மண்ணெண்ணெய் யாருடைய கையில் இருந்தது? சங்கக்கடை வரிசையில் வெயிலில் நின்றது யார்? அடுப்பு மூட்டுவதும் விளக்குக் கொளுத்துவதும் யார்? எண்ணெய் முழுக்கக் குசினியில், பெண்களின் கையில்தான் இருந்தது. ஆம்பிளைகள் கேட்டால்கூட எங்கே ஒளித்திருக்கிறோம் என்று சொல்லமாட்டோம்.

ஆகவே நான் குசினிக் குசினியாகப் போனேன்.

சும்மா கிடைக்கவில்லை. ஒருத்தி கதவை அடித்துச் சாத்தினாள். இன்னொருத்தி, போன வருசம் இவருடைய வள்ளம் அவளுடைய புருசனின் வலையை அறுத்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். நான் இருந்து கேட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி இப்ப எல்லா வள்ளத்துக்கும் சம்மாட்டியார் ஆயிட்டா. எங்களுக்கு எப்ப சம்பளம்?" என்று நக்கல் அடித்தார்.

"வள்ளத்தைக் கவிட்டுப்போட்டு நிழலிலை படுக்கிற ஆக்களுக்குச் சம்பளம் இல்லை அண்ணை" என்றேன். அவருடைய மனுசி உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் முதலில் எண்ணெய் தந்தாள்.

விளக்குக்கு வைத்த எண்ணெய் அது. அப்போது ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, அதை நனைக்கிற அளவுக்கு எண்ணெய் விட்டு, மூடியில் சைக்கிள் வால்வுக் குழாயைச் செருகி விளக்குச் செய்வோம். கண்ணுக்குள் குத்துகிற மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம். அந்தப் பொட்டையும் தா என்றுதான் நான் கேட்டேன். தந்தால் சனிக்கிழமை வரை இருட்டில் இருக்கவேண்டும். தந்தார்கள். அரைப் போத்தல், கால் போத்தல், ஒருத்தி பஞ்சைப் பிழிந்துகூடத் தந்தாள். "இருட்டிலை சோத்தைத் தின்னுறதுக்கு வாய் எங்கை இருக்கெண்டு தெரியாதோ?" என்று தன் பிள்ளைகளை அதட்டினாள். மாமி எங்கள் வீட்டு விளக்கைத் தானே கவிழ்த்து ஊற்றினாள். கோயிலில் பேசாமல் இருந்த இரண்டு பெண்கள் எங்கள் குசினியில் ஒரே புனலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெண்கள் எண்ணெயைக் கொடுத்த பிறகு ஆம்பிளைகள் என்ன செய்வது? இருட்டில் இருந்து புறுபுறுத்தார்கள். பிறகு வள்ளங்களைப் புரட்டி நிமிர்த்தினார்கள். பங்கு எப்படி என்று ஒரு பகல் முழுக்கச் சத்தம் போட்டார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு என்பதுதான் எங்கள் முறை. இனி எண்ணெய்க்கும் ஒரு பங்கு என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். அந்தப் பங்கு குசினிக்கு வரவேண்டும் என்றும் சொன்னேன். "சரி, அவளின்ரை வாயை மூடுறதுக்குக் குடுப்பம்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

சனிக்கிழமை விடியப்புறம் ஏழு வள்ளமும் பாய் விரித்துப் போயின. இவர் முன்னுக்குப் போனார். கழட்டித் துடைத்துக் காயவைத்துப் பூட்டிய எஞ்சின் ஓடாமல், கால் தூக்கிய கொக்கு மாதிரி வள்ளத்தின் பின்னால் நின்றது. போத்தலில் மிஞ்சிய பெற்றோலை இவர் மடியில் கட்டிக்கொண்டு போனார். மாமி இந்த முறை சுவாமியிடம் புதிதாக வாங்கிய தீர்த்தப் போத்தலை மணந்து பார்த்து, எனக்கும் மணக்கத் தந்து, அதற்குப் பிறகுதான் தெளித்தாள்.

பத்து மணிக்கு வரவேண்டியவர்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. காற்றோ குறைகிற மாதிரி இல்லை. மணலை வாரி முகத்தில் அடித்தது. எங்களுக்கு முன்னால் கடல் வெறுமையாகக் கிடந்தது. ஏழு வீட்டுப் பெண்களும் கரையில் நின்றோம். பஞ்சைப் பிழிந்து தந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ரை மனுசனுக்கு ஏதும் நடந்தால் உன்னை நான் சும்மா விடன். வீட்டிலை கிடந்த மனுசனை நீதான் கிளப்பி விட்டனி."

"ஓம். நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல? என் மனுசனும் அங்கேதான் இருந்தார். கோபக்காரிக்குப் பயம் வந்தால் அதைப்போல் ஒரு அரியண்டம், ஒரு தொல்லை இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாது. அந்தோனியாரைத் திட்டினேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட சத்தம்! ஒழுங்கையிலிருந்து சனம் ஓடி வந்தது. எஞ்சின் சத்தம் என்றால், குண்டு போடும் விமானமோ நேவிப் படகோ என்று சாதாரணமாக நாங்கள் ஓடி ஒளிகிற காலம். அன்றைக்கு அது எங்களுடைய எஞ்சின். தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. நான் எண்ணினேன். எல்லோரும் வாய்விட்டு எண்ணினார்கள். ஏழும் வந்தபோது எனக்குப் பக்கத்தில் நின்றவள் மணலில் குந்திவிட்டாள்.

கரைக்குக் கிட்ட வந்து எஞ்சின் அடங்கிவிட்டது. எண்ணெய் முடிந்தது. ஆம்பிளைகள் கழுத்தளவு தண்ணீரில் குதித்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கரையில் நின்றவர்களும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

ஏன் பிந்தியது என்று பக்கத்து வீட்டு அண்ணைதான் சொன்னார். நடுவில் கயிறு அறுந்துவிட்டதாம். பின்னால் இருந்த மூன்று வள்ளமும் காற்றோடு வெளிக்கடல் பக்கம் போகத் தொடங்கிவிட்டன. அண்ணையுடையதும் அதில் ஒன்று. "உன்ரை மனுசன் திரும்பினால் எண்ணெய் காணாது எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. திரும்பமாட்டான் எண்டுதான் நினைச்சன். நானாயிருந்தால் திரும்பியிருப்பனோ தெரியாது." நக்கல் அடிக்கிற அந்த மனிதர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்ற மூன்று வள்ளத்துக்காரரும் தண்டை எடுத்து எஞ்சினோடு சேர்ந்து வலித்தார்களாம். அப்படித்தான் எண்ணெய் கரைக்குக் கிட்ட வரை போதுமாய் இருந்தது.

மீன் ஒன்றும் மலைபோல் இல்லை. ஆனால் ஏழு வீட்டுக்கும் கறிக்கும், சந்தைக்கும், அடுத்த முறைக்கு எண்ணெய் வாங்கவும் இருந்தது. பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்போது வியாபாரி புகையோடு வந்து இறங்கினார். எஞ்சினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து மணலில் வைத்தார்கள்.

"ஓடுது போலை இருக்கு. எடுத்துக்கொண்டு போகட்டே தம்பி?" என்றார்.

இவர் ஈரச் சாறத்தைப் பிழிந்துகொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன், இப்போது என் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

"என்னை மட்டும் கேட்டு வேலையில்லை அண்ணை" என்றார் இவர். "இப்ப உது ஏழு வீட்டு எஞ்சின். நிக்கிற எல்லாரையும் கேளுங்கோ. ஒரு ஆள் வேண்டாம் எண்டாலும் நான் விக்கேலாது."

வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். தலை நனைந்த ஆம்பிளைகள், சீலையை இழுத்துச் செருகிய பெண்கள். எஞ்சினைச் சுற்றி நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மாமி எங்கள் பங்கில் கிடந்த பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய மோட்டார்சைக்கிளில் கொழுவினாள்.

"இவ்வளவு தூரம் வந்தனி மோனை, கறிக்குக் கொண்டு போ."

அவர் போன பிறகு இவர் கிணற்றடியில் கால் கழுவினார். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். உள்ளங்கை முழுக்கக் கயிறு வெட்டிக் கிடந்தது.

"நீ வேணுமெண்டுதான் என்னை உதுக்குள்ளை மாட்டிவிட்டனி, என்ன?"

"ஓம். வேணுமெண்டுதான்."

"இனி நான் இஞ்சையிருந்து அசையேலாது."

"ஏலாதுதான்."

கொஞ்ச நேரம் கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். அது எரிந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். பிறகு கேட்டார், "அப்ப பிரான்சுக்கு அண்ணைக்கு நான் என்னத்தை எழுதிறது?"

"வாறதுக்கு எண்ணெய் இல்லையாம் எண்டு எழுதுங்கோ" என்றேன்.